ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது: கேம் குழு கேள்வி–பதில்

பொழுதுபோக்காக வீடியோ கேம் செய்கிறவர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சம்பளம் கொடுக்க முடியாத ஒரு குழுவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி? ஸ்பிரைட் (கேமில் அசைகிற சின்னப் படங்கள்) வரைகிற தன்னார்வலராக ஒரு குழுவுக்குள் நுழைந்து, பிறகு குழுக்களை ஒருங்கிணைக்கும் வேலைக்கு வந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்துவிட்டு, முழு இடத்தையும் இதற்கே தருகிறேன்.

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். இருவருக்கும் ப்ரோகிராமிங் தெரியும், வரைய வராது. பல இடங்களில் அறிவிப்பு கொடுத்தும் ஒருவர்கூடத் தொடர்புகொள்ளவில்லை. அறிவிப்பை இணைத்திருக்கிறேன். என்ன குறை?

உங்கள் அறிவிப்பை மற்ற வாசகர்களுக்காக அப்படியே தருகிறேன்: "பிரம்மாண்டமான ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி உருவாக்குகிறோம். 60 மணி நேரக் கதை, ஐந்து ராஜ்ஜியங்கள், ஆன்லைனிலும் ஆடலாம். ஆர்வமும் அர்ப்பணிப்பும் உள்ள ஆர்ட்டிஸ்ட், அனிமேட்டர், இசையமைப்பாளர், கதாசிரியர் தேவை. இப்போதைக்குச் சம்பளம் இல்லை. கேம் வெற்றி பெற்றால் லாபத்தில் பங்கு உண்டு."

இதைப் படிக்கிற ஆர்ட்டிஸ்டின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு வேறு வேலையோ படிப்போ இருக்கிறது. ராத்திரி ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் அவர் எதை வரைய வேண்டும், எத்தனை, எந்த அளவில், எப்போதைக்குள்? இதுவரை நீங்கள் என்ன முடித்திருக்கிறீர்கள்? எதற்கும் இதில் பதில் இல்லை. உங்கள் கனவு மட்டும் இருக்கிறது. நல்ல கனவாகவே இருக்கலாம். ஆனால் படிக்கிறவருக்கும் சொந்தமாக ஒரு கேம் கனவு இருக்கும். அதை எடுத்துவைத்துவிட்டு உங்களிடம் வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும்.

அப்புறம் அளவு. வரையத் தெரிந்தவர் "ஐந்து ராஜ்ஜியங்கள்" என்று படித்த உடனேயே மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேலிருந்து பார்க்கிற 2டி கேமில் ஒரு ஆள் நான்கு திசையிலும் நடக்க வேண்டும். திசைக்கு 8 படம் என்றால் 32. இடப்பக்கம் நடப்பதையே திருப்பிப் போட்டு வலப்பக்கமாக்கினால் 24 ஆகக் குறையும். சும்மா நிற்கும்போது மூச்சு விடுவதற்கு மூன்று திசைக்கும் தலா 4, ஆக 12. வாள் வீச்சு தலா 6, ஆக 18. அடி வாங்குவதற்கு 6, கீழே விழுவதற்கு 6. கூட்டினால் 66 படம் வருகிறது. ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஆயுதத்துக்கு! அதிலும் திருப்பிப் போட்டால் வலது கை வாள் இடது கைக்குப் போய்விடும். அது கண்ணை உறுத்துகிறது என்று நீங்கள் நினைத்தால் நாலாவது திசையையும் தனியாகவே வரைய வேண்டும். இனி ஐந்து ராஜ்ஜியத்து மக்கள், வீடுகள், மிருகங்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏன் எல்லோரும் பேசாமல் கடந்து போகிறார்கள் என்பது புரியும்.

பெரிய கேமைத் தனி ஆட்கள் செய்ததே இல்லையா என்று கேட்கலாம். செய்திருக்கிறார்கள். 'கேவ் ஸ்டோரி'யை டைசுகே அமாயா தனி ஒருவராக, ஓய்வு நேரத்தில், ஐந்து ஆண்டு உழைத்து 2004இல் இலவசமாக வெளியிட்டார். 'ஸ்டார்டியூ வேலி'யின் ப்ரோகிராமிங், படம், இசை, கதை எல்லாமே எரிக் பரோன் செய்தது. நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2016இல் கொண்டுவந்தார். கவனித்துப் பாருங்கள், இரண்டிலும் அத்தனை ஆண்டுகளைக் கொடுத்தவர் கனவுக்குச் சொந்தக்காரர்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் நாம் ஐந்து ஆண்டைக் கேட்க முடியாது. இரண்டு வாரம் கேட்கலாம். ஒரு மாதம்கூடக் கேட்கலாம், அந்த மாதத்தின் முடிவில் கையில் என்ன இருக்கும் என்று சொல்ல முடிந்தால்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை நான் பிடித்துக்கொள்கிறேன்: நடப்பது, சண்டை, உரையாடல், சேவ் செய்வது எல்லாம் ஏற்கெனவே வேலை செய்கிறது என்கிறீர்கள். இதை ஏன் அறிவிப்பில் சொல்லவில்லை? உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்பான பொருள் அதுதான். அதை வைத்து நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மேலிருந்து பார்க்கும் 2டி கேம். ஒரு கிராமம், ஒரு சுரங்கம், ஒரே வகை எதிரி. கால் மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம். கோடோ என்ஜினில் செய்கிறோம். நடை, சண்டை, உரையாடல், சேவ் நான்கும் வேலை செய்கின்றன. நாயகன் இப்போது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அவரை 32க்கு 32 பிக்சலில், 16 நிறத்துக்குள் வரைந்து தர ஒரு ஆர்ட்டிஸ்ட் வேண்டும்: நிற்பது, நடப்பது, வாள் வீசுவது, மூன்று திசை, மொத்தம் 54 படம். ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ளலாம். பணம் தர எங்களால் முடியாது. கேமும் இலவசமாகவே வெளியாகும். வரைந்தது உங்களுக்கே சொந்தம், கேமில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தந்தால் போதும். கிரெடிட்ஸில் உங்கள் பெயர் வரும். ஆடிப் பார்க்க டெமோ இணைத்திருக்கிறோம்."

ராஜ்ஜியங்கள் போய்விட்டனவே என்று வருத்தப்படாதீர்கள். கிராமமும் சுரங்கமும் முடிந்தால் அடுத்ததைச் செய்ய யாரும் தடுக்கப் போவதில்லை. முக்கியம் டெமோ. சாம்பல் பெட்டி அழகாக நடந்து, வாளை வீசினால் எதிரி சரியாகப் பின்வாங்கினால், வரைகிறவருக்குக் கை பரபரக்கும். தன் படம் எந்த இடத்தில் போய் உட்காரும் என்று கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா? வெறும் பெட்டியாக வைக்க மனம் வரவில்லை என்றால் சிசி0 லைசென்ஸில் (யார் வேண்டுமானாலும் நிபந்தனை இல்லாமல் பயன்படுத்தலாம்) கிடைக்கும் இலவசப் படங்களைத் தற்காலிகமாக வையுங்கள். அவை தற்காலிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

லாபத்தில் பங்கு என்ற வரியை எடுத்துவிடச் சொல்வேன். பொழுதுபோக்கு கேம்களில் மிகப் பெரும்பாலானவை வெளியாவதே இல்லை என்பது இந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனவே அந்த வரி யாரையும் இழுக்காது. ஒருவேளை காசு வந்துவிட்டால் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையை மட்டும் அது இழுத்துவரும். "பணம் தர முடியாது" என்று நேராகச் சொல்வது கேட்கிறவருக்குக் கொடுக்கும் மரியாதை.

இன்னொன்று. அறிவிப்பை விட நல்ல வழி கேம் ஜாம், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு சின்னக் கேமைச் செய்து முடிக்கிற நிகழ்வு. 2002இல் தொடங்கிய லூடம் டேரில் தனியாகச் செய்தால் 48 மணி நேரம், குழுவாகச் செய்தால் 72 மணி நேரம். 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாமும் 48 மணி நேர ஜாமாகத் தொடங்கியதுதான். சின்னச் சின்ன ஜாம்கள் இட்ச் தளத்தில் எப்போது பார்த்தாலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஒரு வார இறுதியை ஒருவரோடு சேர்ந்து வேலை செய்து கழித்தால், அவர் சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, நேரம் போதாது என்றால் எதை விட்டுவிடலாம் என்று பேசுகிறாரா, தன் யோசனை எடுபடாதபோது எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்துவிடும். நான் ஒருங்கிணைத்த குழுக்களில் கடைசிவரை நின்றவர்களில் பலர் ஜாமில் பழக்கமானவர்கள்தான்.

கேள்வி: இசையமைக்கிறேன் என்று நிறையப் பேர் வருகிறார்கள். அனிமேஷனுக்கு மட்டும் ஆளே இல்லை. ஏன்?

பாட்டைத் தனியாக உட்கார்ந்து முடித்துவிடலாம். உங்கள் கேம் நின்றுபோனாலும் அந்த இசை வீணாகாது. தன் படைப்புத் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம். அனிமேஷன் அப்படி இல்லை. கதாபாத்திரத்தின் உயரத்தை நீங்கள் மாற்றினால் போச்சு, மொத்தமும் மறுபடி. அதனால் அனிமேட்டரைத் தேடும் முன்பு உருவம், அளவு, எத்தனை அசைவு என்பதை முடிவு செய்துவிட்டு, இனி மாற்ற மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கே அவர்களை இழுக்கும். இசைக்கு வந்த எல்லோரையும் சேர்த்துவைத்துக்கொள்வதும் வேண்டாம். ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அதே வாரம் பதில் சொல்லிவிடுங்கள். காத்திருக்க வைப்பது நியாயம் இல்லை.

கேள்வி: எங்கள் குழுவில் பின்னணிப் படங்கள் வரைந்தவர் மூன்று மாதம் கழித்து விலகிவிட்டார். இப்போது தன் படங்களைக் கேமிலிருந்து எடுக்கச் சொல்கிறார். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. எடுத்தே ஆக வேண்டுமா?

இந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இரண்டு தரப்பின் உழைப்பும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அடிப்படை இதுதான். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளில் ஒரு படத்தை வரைந்த அந்தக் கணமே அதன் காப்புரிமை (காப்பிரைட்) வரைந்தவருக்குப் போய்ச் சேர்கிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உலகத்தின் பெரும்பாலான நாடுகள் இதில் இருக்கின்றன. உங்கள் குழுவின் ஃபோல்டரில் அவர் போட்டுவைத்தார் என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. கேமில் சேர்ப்பதற்காகவே வரைந்து கொடுத்தார், எனவே சொல்லாமலே அனுமதி இருந்தது என்று வாதாட ஒரு சட்ட வழி இருக்கலாம். அது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இலவசமாக வெளியிடப்போகும் ஒரு கேமுக்காக அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் எடுக்கச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பல நேரம் காரணம் படமாக இருக்காது. பெயர் போடாததாகவோ, கேட்காமல் அவர் படத்தை மாற்றியதாகவோ இருக்கும். அதைச் சரிசெய்தால் மனம் மாறக்கூடும். மாறவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

இனி வருகிறவர்களுக்காவது முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியது நான்கைந்து வரிதான்: படைப்பு யாருக்குச் சொந்தம், குழு அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், மாற்றலாமா, அவர் விலகினாலும் அனுமதி தொடருமா, பெயர் எப்படிப் போட வேண்டும். பலர் புனைபெயரில்தான் வரைகிறார்கள். கிரெடிட்ஸில் எந்தப் பெயர் வர வேண்டும் என்பதை எழுத்துப்பிழை இல்லாமல் அவர்களிடமே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக ஒப்பந்தம் எழுதத் தயக்கமாக இருந்தால், ஏற்கெனவே உள்ள பொது லைசென்ஸைப் பயன்படுத்தலாம். 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற கேம் 2003இல் வெளியானது. அன்று முதல் ஜிபிஎல் லைசென்ஸில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் அதே லைசென்ஸில்தான் பகிர வேண்டும்) நடக்கிறது. எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவர்கள் கொடுத்தது கேமில் தங்கிவிட்டது. '0 ஏ.டி.' குழு 2009இல் தன் கேமைத் திறந்தபோது சோர்ஸ் கோடுக்கு ஜிபிஎல், படங்களுக்கும் இசைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (செய்தவர் பெயரைச் சொல்லி, அதே லைசென்ஸில் பகிரலாம்) என்று பிரித்து வைத்தது. உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு பிரிப்பு பொருந்தும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: லைசென்ஸில் என்சி என்ற சொல் இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. இன்று இலவசம் என்றுதான் நினைப்பீர்கள், நாளைக்கு ஒரு சிறு விலை வைக்க ஆசை வரும். அப்போது அந்த ஒரு கதவுச் சத்தமோ ஒரு எழுத்துருவோ குறுக்கே வந்து நிற்கும். எழுத்துருவையும் சத்தங்களையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எந்த ஃபைல் எங்கிருந்து வந்தது, யார் செய்தது, என்ன லைசென்ஸ் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வந்த அன்றைக்கே குறித்துவையுங்கள். ஏஐ கொண்டு உருவாக்கியது ஏதாவது இருந்தால் அதையும் குறியுங்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வெளியிடப் போனால் 2024 முதல் அதைத் தெரிவிக்கச் சொல்கிறார்கள்.

இலவசக் கேமுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்து, விற்கும் எண்ணம் பிறகு வந்தால் எல்லோரிடமும் மறுபடி கேட்க வேண்டும், விலகிப் போனவர்களிடமும்தான். அதனால் அவர்களைத் தொடர்புகொள்ள ஒரு வழி எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு பிரபலமான பழைய கேமை ரசிகர்களாகச் சேர்ந்து புதிதாகச் செய்கிறோம். இதற்கு ஆள் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒரு நிபந்தனையுடன்: இது ஒருநாள் நிறுத்தப்படலாம் என்பதை வருகிறவருக்கு முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். 'மெட்ராய்டு 2' கேமை ரசிகர்கள் பல ஆண்டு உழைத்து மறுபடி செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார்கள். சில நாட்களில் அசல் கேமின் உரிமையாளரான நின்டெண்டோவின் காப்புரிமை நோட்டீஸ் வந்தது, டவுன்லோடை எடுக்க வேண்டியதாயிற்று. மறுபக்கம் 'பிளாக் மேசா' இருக்கிறது. 'ஹாஃப் லைஃப்' கேமை அதன் ரசிகர்கள் மறுபடி செய்தது. 2012இல் இலவச 'மாட்' (இருக்கிற கேமை ரசிகர்கள் மாற்றிச் செய்வது) வடிவில் வந்தது, உரிமையாளரான வால்வ் நிறுவனத்தின் சம்மதத்தோடு விற்பனைக்கும் போய் 2020இல் முழுமையாக வெளியானது. உங்கள் கதி எது என்று உரிமையாளர்தான் தீர்மானிப்பார். தன்னார்வலரின் உழைப்பு அந்தத் தீர்மானத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை மறைத்து ஆள் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

எனக்குப் பிடித்த வழி 'ஓப்பன் டிடிடி' போன வழி. 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' என்ற பழைய கேமை வைத்துத் தொடங்கினார்கள். அசல் கேமின் ஃபைல்கள் இருந்தால்தான் ஆட முடியும் என்ற நிலை இருந்தது. தன்னார்வலர்கள் ரயில், கட்டடம், மரம் என்று ஒவ்வொரு படத்தையும், சத்தத்தையும், இசையையும் புதிதாகச் செய்து நிரப்பினார்கள். 2010இல் 1.0 வந்தபோது அசல் ஃபைல் எதுவும் இல்லாமலே ஆட முடிந்தது. உங்கள் கேமிலும் பெயர், உருவம், கதை மூன்றையும் உங்களுடையதாக மாற்ற முடியுமா என்று யோசியுங்கள். ஆட்டத்தின் முறை உங்களைக் கவர்ந்தது என்றால் அது அந்தப் பெயர் இல்லாமலும் கவரும். வரைய வருகிறவருக்கும் சொந்த உருவத்தைப் படைக்கிற சந்தோஷம் கிடைக்கும்.

கேள்வி: ஆர்வமாகச் சேர்கிறார்கள், ஒரு மாதம் நன்றாக வேலை செய்கிறார்கள், பிறகு காணாமல் போகிறார்கள். எப்படித் தக்கவைப்பது?

சேர்ப்பதை விட இதுதான் பெரிய வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே இதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

நான் முதலில் சேர்ந்த குழுவுக்குப் பறவைகள் வரைந்து கொடுத்தேன். "சூப்பர்" என்று பதில் வந்தது. அதோடு சரி. அந்தப் படங்கள் ஃபோல்டரிலேயே கிடந்தன. வாரக்கணக்கில் யாரும் கேமில் சேர்க்கவில்லை. யாரும் என்னை மோசமாக நடத்தவில்லை, ஆனால் வரைய உட்காரும்போதெல்லாம் கை ஓடவில்லை. ஒருநாள் நானும் நின்றுவிட்டேன். அடுத்த குழுவில் ஒரு கொக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியே ப்ரோகிராமர் ஒரு பத்து விநாடி வீடியோ அனுப்பினார். குளத்து ஓரத்தில் கொக்கு நிற்கிறது, நாயகன் பக்கத்தில் வந்ததும் இறக்கையை அடித்துப் பறந்து திரைக்கு வெளியே போகிறது. கூடவே ஒரு வரி: "மூணாவது படத்தில் கால் கொஞ்சம் தடுமாறுது, பார்க்க முடியுமா?" நான் அப்போதே உட்கார்ந்து திருத்தினேன். அந்தக் குழுவில்தான் பல ஆண்டு இருந்தேன்.

சம்பளம் இல்லாத வேலையில் கிடைக்கிற கூலி அந்தப் பத்து விநாடிதான். வேலை வந்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், அரைகுறையாகவாவது கேமுக்குள் வைத்து அசைத்துக் காட்டுங்கள். கோட் எழுதி அனுப்புகிறவருக்கும் இதேதான். அவர் அனுப்பியதைப் பார்த்துச் சேர்க்க இரண்டு வாரம் ஆனால், அதற்குள் அவர் மனசளவில் வேறு எங்கோ போயிருப்பார். முழுதாகப் படிக்க நேரம் இல்லையா? "பார்த்தேன், சனிக்கிழமை உட்காருகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். வாரம் ஒருமுறை எல்லோரும் ஆடிப் பார்க்கிற மாதிரி ஒரு பில்ட் வெளியே வரட்டும். அந்த வாரம் மாறியது ஒரே ஒரு கதவு என்றாலும் பரவாயில்லை.

"சும்மா இருக்கிறேன், என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறவருக்குக் கொடுக்க ஒரு மாலையில் முடிகிற வேலைகள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். "மெனுவை மேம்படுத்தவும்" என்பது யாருக்கும் புரியாது. "சேவ் செய்ததும் 'சேவ் ஆனது' என்று இரண்டு விநாடி காட்ட வேண்டும்" என்று எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்வார்கள்.

இத்தனை செய்தும் சிலர் போவார்கள். குழந்தை பிறக்கும், பரீட்சை வரும், ஆர்வம் மாறும். போவதைக் குற்றமாக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் சத்தமே இல்லை என்றால், "நேரம் இல்லை என்றால் சொல்லுங்கள், வேலையை வேறொருவரிடம் கொடுக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்" என்று எழுதுங்கள். கூச்சத்தால் ஒளிந்துகொண்டிருக்கிறவர்கள்தான் அதிகம். இப்படி எழுதினால் பாதிப் பேர் பதில் போடுவார்கள், சிலர் திரும்பியும் வருவார்கள்.

யார் போனாலும் கேம் நிற்காதபடி ஏற்பாடு வேண்டும். எல்லாம் கிட் ரெப்பாசிட்டரியில் (ஒவ்வொரு மாற்றமும் பதிவாகிற பொதுக் கிடங்கு) இருக்கட்டும், ஒருவர் கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது. பாஸ்வேர்டும் அட்மின் உரிமையும் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். படத்தின் பிஎன்ஜி மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். லேயர்களோடு இருக்கும் க்ரிட்டா ஃபைல், மாடலின் பிளெண்டர் ஃபைல், இசையின் ப்ராஜெக்ட் ஃபைல், இவற்றையும் அனுமதி கேட்டு வாங்கி வையுங்கள். நாளைக்கு வேறொருவர் அந்தக் கதாபாத்திரத்துக்குத் தொப்பி வைக்க வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. ரெப்பாசிட்டரிகளை வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பெரிய ஃபைல்களுக்கு கிட் எல்எஃப்எஸ் ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே செய்துவிடுங்கள். ரெப்பாசிட்டரி வீங்கிய பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

கேள்வி: எனக்கு ப்ரோகிராமிங்கும் தெரியாது, வரையவும் தெரியாது. நல்ல ஐடியா இருக்கிறது. குழு சேர்க்க முடியுமா?

ஐடியாவை மட்டும் வைத்துக்கொண்டு சேர்ப்பது மிகக் கடினம். வருகிற ஒவ்வொருவரிடமும் ஐடியா இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. கதை சார்ந்த ஐடியா என்றால், கதை கேம் செய்வதற்கான கருவிகளான ட்வைனிலோ ரென்பையிலோ நீங்களே ஒரு சின்ன வடிவம் செய்யலாம். ட்வைனுக்கு ப்ரோகிராமிங் ஏறக்குறைய தேவையே இல்லை. ஒரு காட்சியாவது ஆடக்கூடியதாக இருந்தால் பேச்சே மாறிவிடும். இல்லையென்றால் ஏற்கெனவே நடக்கிற ஒரு கேமில் சேருங்கள். ஆடிப் பார்த்து, எந்த இடத்தில் என்ன அழுத்தியபோது பக் வந்தது என்று வரிசையாக எழுதித் தருகிறவரை எந்தக் குழுவும் கொண்டாடும். மொழிபெயர்ப்புக்கும் ஆள் வேண்டும். உள்ளே இருந்து வேலையைப் பார்த்தவர் பிறகு ஆள் சேர்க்கும்போது அவருடைய அறிவிப்பே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: எனக்கு 16 வயது. பிக்சல் ஆர்ட் வரைவேன். ஒரு குழு என்னைக் கூப்பிடுகிறது. பணம் இல்லை, ஆனால் அனுபவம் கிடைக்கும் என்கிறார்கள். சேரலாமா?

வாழ்த்துகள். உங்கள் படத்தை ஒரு குழு விரும்புகிறது என்பதே சந்தோஷமான விஷயம். வீட்டில் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வீட்டு முகவரி, அடையாள அட்டை, புகைப்படம் எதையும் அனுப்ப வேண்டாம். ஒரு பொழுதுபோக்குக் குழுவுக்கு அவை தேவைப்படாது. எதற்காவது பணம் கட்டச் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள்.

அடுத்து, ஆடிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். தலைவராக இருப்பவர் தன் கையால் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். ஏற்கெனவே வரைந்த வேறொருவர் இருந்தால் அவரோடு பேச முடியுமா என்றும் கேட்கலாம். நல்ல குழு இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியாகப் பதில் சொல்லும். "சோதனைக்கு" என்று இருபது முப்பது படம் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே வரைந்ததைக் காட்டினால் போதும். உரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். உங்கள் தொகுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையாவது உங்களிடம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகப் பட்டால், மொத்தக் கேமுக்கும் வரைகிறேன் என்று ஒப்புக்கொள்ளாமல் ஒரு மரமோ ஒரு பெட்டியோ மட்டும் முதலில் கேட்டு வாங்குங்கள். வரைந்து அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் அதைக் கேமில் வைத்துக் காட்டினார்கள் என்றால் அடுத்த வேலையைப் பற்றிப் பேசலாம். தேர்வு நாட்களில் வரைய முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.